உதவித்தொகை வாங்கும் பெண்கள் வேலைக்குப் போனால்: பாலக்கோட்டுச் சகோதரிக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நீண்ட கடிதம் கிடைத்தது. மற்ற வாசகர்களுக்காக அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்கோடு பக்கத்து ஊராட்சி ஒன்றில் மகளிர் குழுக் கூட்டமைப்பின் கணக்கை எழுதுகிறீர்கள். தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கு உங்கள் ஊரிலிருந்து ஒன்பது பெண்களை அழைத்துப் போனீர்கள். ஒன்பது பேருக்கும் வேலை கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் ஏழு பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். "மாசமானா ஆயிரம் ரூபா வருது, அப்புறம் எவ வேலைக்குப் போவா?" என்று ஊரில் பேசுகிறார்கள். அது உண்மையாக இருக்குமோ என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதோடு, இப்போது மூன்று பெண்கள் உங்களிடம் ஆலோசனை கேட்டு வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு 34 வயது. எட்டாவது படித்தவர், இரண்டு பிள்ளைகள். ஆதரவற்ற விதவை உதவித்தொகை வாங்குகிறார். கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தவர். இரவு ஷிப்ட் முடித்து ராயக்கோட்டை வழியாக பைக்கில் வீட்டுக்கு வரும்போது விபத்தில் இறந்துவிட்டார். இன்னொருவர் மகளிர் உரிமைத் தொகை வாங்குகிறார், நூறு நாள் வேலைக்கும் போகிறார். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. மூன்றாமவர் பி.ஏ. படித்தவர், கணவரை இழந்தவர், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார். ஒரு மருத்துவமனையில் மாதம் 9,000 ரூபாய் சம்பளத்தில் வரவேற்பு வேலை வந்திருக்கிறது. மூவரும் கேட்பது ஒன்றுதான்: வேலைக்குப் போனால் வாங்கிக்கொண்டிருப்பது நின்றுவிடுமா?

ஊர்ப் பேச்சிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு நீங்கள் காது கொடுக்கவே வேண்டாம். இன்றைய விலையில் ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. கேஸ் சிலிண்டர் ஒன்று வாங்கினால் மிச்சம் என்ன இருக்கும் என்று பேசுகிறவர்களுக்கும் தெரியும். இத்தனை வருடமாக நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டிலும் பெண்களை வேலைக்குச் சேர்க்கும் பணியில் இருக்கிறேன். அந்தத் தொகை வருவதால் வேலை வேண்டாம் என்று சொன்ன பெண்ணை நான் பார்த்ததில்லை. வேலையைக் கண்டு பயந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உழைப்புக்கு அவர்கள் பயப்படவில்லை. வேலை நிலைக்குமா என்பதுதான் பயம். உரிமைத் தொகை மாதம் 15ஆம் தேதி வாக்கில் வந்துவிடுகிறது. சின்னத் தொகைதான், ஆனால் அதை நம்பித் தவணைக்கு ஒத்துக்கொள்ளலாம். கம்பெனி வேலை அதைப்போலப் பத்து மடங்கு தரும். ஆனால் ஆர்டர் குறைந்தால் "நாளையிலிருந்து வராதீங்க" என்று காண்ட்ராக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். அன்றைக்கு நின்றுபோன உதவித்தொகையைத் திரும்பக் கேட்டு எத்தனை மாதம் அலைய வேண்டியிருக்கும்? கைப்பிள்ளையோடு இருக்கிற ஒரு பெண் இதை யோசிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதனால் "தைரியமா போங்கம்மா" என்று சொல்லி யாரையும் அனுப்பாதீர்கள். ஒவ்வொருவரோடும் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எது நிற்கும், எது நிற்காது, கையில் உண்மையில் எவ்வளவு மிஞ்சும் என்று அவர் கண் முன்னாலேயே எழுதிக் காட்டுங்கள். நீங்கள் கணக்கு எழுதுகிறவர். அதிகாரி வந்து செய்வதைவிட இதை நீங்கள் நன்றாகச் செய்வீர்கள்.

மூவரில் முதலாமவரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஆதரவற்ற விதவை உதவித்தொகை 2023 ஆகஸ்டில் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. இது பிழைக்க வேறு வருமானம் இல்லாதவர்களுக்கான தொகை. நிரந்தரச் சம்பளம் வரும் வேலையில் சேர்ந்துவிட்டால் அதற்கான தகுதி போய்விடும். இதை மறைத்துச் சொல்லாதீர்கள். சேர்ந்த பிறகு தாலுகா அலுவலகத்தில் இருக்கிற சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. கொடுத்ததற்கு ஒப்புகையும், பழைய அனுமதி ஆணையின் நகலும் பத்திரமாக இருக்கட்டும். பின்னால் வேலை போய் மறுபடி விண்ணப்பிக்க நேர்ந்தால், ஏற்கெனவே தகுதி பெற்றவர், தானாக முன்வந்து நிறுத்தச் சொன்னவர் என்று காட்ட அந்தத் தாள்கள்தான் உதவும். தாமதமானால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அவற்றையும் இணைத்து மனு கொடுக்கலாம்.

ஆனால் சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்த 1,200 ரூபாய் அல்ல. கணவர் ஓசூரில் காண்ட்ராக்டில் இருந்தார், ஷிப்ட் முடித்து வரும்போது இறந்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தார்களா என்று யாராவது பார்த்தீர்களா?

காண்ட்ராக்ட் ஆள் என்றால் ஒன்றும் கிடையாது என்று நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. காண்ட்ராக்டர் மூலம் வந்தவருக்கும் பிஎஃப், ஈஎஸ்ஐ உண்டு. காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் அந்தப் பொறுப்பு கம்பெனிக்கு வரும். வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால், அவர் பெயரில் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே பிஎஃப் ஓய்வூதியத் திட்டத்தில் மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. குறைந்தது 1,000 ரூபாய். அது போக, இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை, அம்மாவின் ஓய்வூதியத்தில் கால் பங்கு தலைக்குக் கிடைக்கும். பிள்ளை ஒன்றுக்குக் குறைந்தது 250 ரூபாய். ஆக அந்த வீட்டுக்கு மாதம் 1,500 ரூபாய்க்குக் குறையாது. இதில் முக்கியமான விஷயம், அவர் வேலைக்குப் போனாலும் இந்த ஓய்வூதியம் நிற்காது. மறுமணம் செய்தால்தான் அவருடைய பங்கு நிற்கும். இது கணவர் உழைத்துச் சேர்த்த உரிமை, யாரும் வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். இதைத் தவிர, கணவர் கணக்கில் சேர்ந்திருக்கிற பிஎஃப் பணம் உண்டு. பிஎஃப்போடு சேர்ந்த காப்பீட்டில், சம்பளத்தையும் சர்வீஸையும் பொறுத்து 7 லட்சம் ரூபாய் வரை ஒரே தொகையாகக் கிடைக்கவும் வழி உண்டு. பிஎஃப் பணத்துக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐஎஃப்.

ஈஎஸ்ஐ இன்னும் பெரியது. வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தை, நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், வேலையில் ஏற்பட்ட விபத்தாகவே ஈஎஸ்ஐ சட்டம் ஏற்கிறது. அப்படி ஏற்றால் அவர் வாங்கிய சராசரிக் கூலியில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதந்தோறும் வரும். அதை மனைவியும் பிள்ளைகளும் விகிதப்படி பகிர்ந்துகொள்வார்கள். யோசித்துப் பாருங்கள். 1,200 ரூபாய் நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டிருக்கிற பெண்ணுக்கு, அதைப்போலப் பல மடங்கு கேட்கப்படாமலே கிடக்கக்கூடும். கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை, ஆவணங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். ஆனால் வேலை பற்றிய பேச்சுக்கு முன்னால் இதைக் கேட்டு முடியுங்கள்.

என்ன தேட வேண்டும் என்றால், கணவரின் சம்பள ரசீது ஏதாவது ஒன்று. அதில் பிஎஃப் எண்ணோ கம்பெனி மாறினாலும் மாறாத 12 இலக்க யுஏஎன் என்கிற பிஎஃப் எண்ணோ இருக்கும், ஈஎஸ்ஐ எண்ணும் இருக்கும். ரசீது இல்லையென்றால் அவருடைய பாங்க் பாஸ்புக்கைப் பாருங்கள். சம்பளம் எந்தப் பெயரிலிருந்து வரவாகியிருக்கிறதோ அதுதான் காண்ட்ராக்டரின் நிறுவனம். அவருடைய போனில் பிஎஃப் சந்தா வரவு பற்றிய பழைய எஸ்எம்எஸ் இருக்கலாம், போனைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். கூட வேலை செய்த நண்பர் ஒருவர் ஊரில் இருப்பார், ஷிப்ட் நேரத்துக்கு அவர்தான் சாட்சி. எஃப்ஐஆர், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஃப் அலுவலகம் மாதந்தோறும் 27ஆம் தேதி வாக்கில் ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைதீர் முகாம் நடத்துகிறது. அங்கே நீங்களும் கூடப் போங்கள். தனியாகப் போகிற பெண்ணிடம் "ஆன்லைன்ல பாருங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கூட்டமைப்பின் லெட்டர்பேடில் மனுவோடு இருவராகப் போனால் உட்கார வைத்துக் கேட்பார்கள்.

சரி, அவருக்கு என்ன வேலை? முகாம்களில் மேசை போட்டு உட்காருகிற பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் பன்னிரண்டாவது முடித்த, இருபதை ஒட்டிய வயதுப் பெண்களைத்தான் தேடுகின்றன. 34 வயதில் எட்டாவது படித்தவரை அந்த வரிசையில் நிறுத்தி மனம் நோகடிக்க வேண்டாம். அவருக்கான வேலை அதே கம்பெனிகளின் கேன்டீனிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் பேக்கிங்கிலும் இருக்கிறது. ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்து ரோஜாப் பசுமைக்குடில்களில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசனுக்கு மட்டும் இருக்கிறது. சீசன் வேலைக்காக உதவித்தொகையை இழப்பது சரியான முடிவல்ல என்பது என் கருத்து. சத்துணவு, அங்கன்வாடிப் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தால் கணவரை இழந்தவர்களுக்கு அதில் ஒதுக்கீடு உண்டு. சம்பளம் குறைவுதான், ஆனால் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமும் வேலை நேரமும் ஒன்றாக இருக்கும். அறிவிப்பு வரும்போது தவறவிடாமல் போடச் சொல்லுங்கள்.

இரண்டாமவருக்கு வருவோம். மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் முகாமை 2023 ஜூலையில் நம் தொப்பூரில்தான் தொடங்கினார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது வகுத்த விதிப்படி குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தனியார் கம்பெனியில் வேலைக்குச் சேர்வதோ பிஎஃப் பிடிப்பதோ தானாகவே தகுதியை நீக்கிவிடாது, மொத்த வருமானம்தான் கணக்கு. கணவர் நாளைக்கு 800 ரூபாய் வீதம் மாதம் 18 நாள் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,72,800 ரூபாய். இவருக்கு மாதம் 12,000 சம்பளம் என்றால் 1,44,000. இரண்டும் சேர்ந்து மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. அப்படியென்றால் விதிப்படி தொகை நிற்கலாம். அதையும் நேராகவே சொல்லிவிடுங்கள். கணவரின் வருமானம் நிலையில்லாமல், இவர் ஒருவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்றால் வரம்புக்குள் இருப்பார், பயமே வேண்டாம்.

இப்போது கையில் மிஞ்சுவதை எழுதிப் பார்ப்போம். 12,000 ரூபாய் சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் 10,000 என்று கொண்டால் பிஎஃப் 12 சதவீதம், 1,200 ரூபாய். ஈஎஸ்ஐ முக்கால் சதவீதம், 90 ரூபாய். கைக்கு வருவது 10,710. உரிமைத் தொகை நின்றால் 1,000 போகும். நூறு நாள் வேலைக்குப் போக முடியாது. 2025-26 கூலி 336 ரூபாய்ப்படி, நூறு நாளும் முழுதாகக் கிடைத்தாலும் மாதச் சராசரி 2,800, அது போகும். தக்காளி பறிப்பு, களையெடுப்பு என்று காட்டு வேலையில் வருகிற ஒரு 2,000 போகும். டீ, செருப்பு, நல்ல துணி, போன் ரீசார்ஜ் என்று ஒரு 1,000 புதுச் செலவு. கழித்துப் பாருங்கள், 3,910 ரூபாய்தான் மிச்சம். போக வர எல்லாம் சேர்த்து நாளுக்கு பதினோரு பன்னிரண்டு மணி நேரம் வீட்டை விட்டு இருப்பதற்கு மாதம் நாலாயிரத்துக்கும் குறைவு. திரும்பி வந்த ஏழு பேரும் இந்தக் கணக்கைத் தாளில் போடவில்லை, மனதில் போட்டிருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. பிஎஃப்பில் அவர் போடுகிற 1,200க்குச் சமமாக முதலாளியும் 1,200 போட வேண்டும், அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது. பத்து வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம். ஈஎஸ்ஐயில் அவருக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவம் உண்டு. உடம்புக்கு முடியாமல் லீவு போட்டால், தேவையான நாட்கள் சந்தா கட்டியிருக்கும்பட்சத்தில் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 என்பதால் அது கை நழுவலாம், அந்த இடத்தை ஈஎஸ்ஐ நிரப்புகிறது. பக்கத்தில் எந்த ஈஎஸ்ஐ மருந்தகம் என்று சேரும் நாளிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்த பிறகு தேடினால் தனியார் கிளினிக்கில்தான் போய் நிற்பார்கள்.

நிற்காதவற்றையும் எழுதிக் காட்டுங்கள், அவை பலருக்குத் தெரியாது. ரேஷன் அரிசி நிற்காது. தமிழ்நாட்டில் அரிசி அட்டை உள்ள எல்லோருக்கும் அரிசி உண்டு. டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பதல்ல. மகள் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் வரும் 1,000 ரூபாய்க்கும், மகனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் குடும்ப வருமான வரம்பு கிடையாது. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு, அதிகாலையில் கிளம்புகிற அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. நூறு நாள் வேலை அட்டை குடும்பத்துக்கு உரியது, கம்பெனியில் சேர்ந்ததற்காக அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

இடையில் ஒரு எச்சரிக்கை. கம்பெனியில் சேர்ந்ததும் புதுச் சம்பளக் கணக்கு திறப்பார்கள், அந்தக் கணக்கில் ஆதாரை இணைப்பார்கள். ஆதார் வழியாக அனுப்புகிற அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கோடு இணைத்தார்களோ அங்கேதான் போகும். பழைய பாஸ்புக்கில் வரவு இல்லாததைப் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போனதும் நிறுத்திட்டாங்க" என்று அழுதுகொண்டு வந்த பெண்கள் உண்டு. பணம் புதுக் கணக்கில் கிடந்தது. இந்தச் செய்தி தெருவில் பரவினால் அடுத்த பத்துப் பேர் வேலைக்குக் கிளம்ப மாட்டார்கள். முதலிலேயே சொல்லி வையுங்கள்.

மூன்றாமவருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரூப் 4 எழுதுகிறார் என்றால் ஆதரவற்ற விதவைக்கான இட ஒதுக்கீட்டை நம்பியிருப்பார். அதற்கான சான்று கோட்டாட்சியர் தருவது. எல்லா வழியிலும் சேர்த்து மாத வருமானம் 4,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. 9,000 ரூபாய் வேலையில் சேர்ந்தால் அந்தத் தகுதியில் உரிமை கோர முடியாது. தேர்வு நெருக்கத்தில் இருந்து, மாதிரித் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வருகிறது என்றால் அந்த வேலையை விட்டுவிடலாம் என்பேன். இரண்டு மூன்று முறை எழுதிப் பார்த்தும் கட்-ஆஃப் பக்கமே வரவில்லை என்றால், வேலையில் சேர்ந்து, பொதுவான மகளிர் ஒதுக்கீட்டில் போட்டியிட்டுக்கொண்டே படிக்கட்டும். முடிவு அவருடையதுதான், ஆனால் இந்த 4,000 ரூபாய் விஷயம் தெரிந்த பிறகு எடுக்கட்டும்.

இனி, திரும்பி வந்த ஏழு பேர். ஏன் வந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், குற்றம் சொல்லாமல் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை பெண்கள் நின்றுபோவது முதல் மூன்று மாதத்தில்தான், அதிலும் முதல் சம்பளம் வருவதற்கு முன்னால்தான் அதிகம். இந்த மாதம் ஐந்தாம் தேதி சேர்ந்தால் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதியோ பத்தாம் தேதியோதான் வரும். 20ஆம் தேதியோடு கணக்கு முடிக்கிற கம்பெனியில் 22ஆம் தேதி சேர்ந்தால் இன்னும் தள்ளிப் போகும். கூலி வேலையில் சாயங்காலமே காசு பார்த்தவர்களுக்கு இந்த இடைவெளி தாங்காது. குழுக்கடன் தவணைக்காரர் வாரா வாரம் வாசலில் வந்து நிற்பார். நான்காவது வாரம் மாமியார், "இங்கேயே இருந்திருந்தா ராயக்கோட்டை மண்டிக்காவது போயிருக்கலாம்" என்பார். அதோடு வேலை முடிந்தது.

இங்கேதான் உங்கள் கூட்டமைப்பு உதவ முடியும், வேறு யாராலும் முடியாது. வேலைக்குச் சேர்கிற பெண்ணுக்கு முதல் சம்பளம் வரும் வரை குழுவின் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுங்கள். கூட்டமைப்பில் நலிவுற்றோருக்காக ஒதுக்கி வைத்திருக்கிற நிதியையும் தீர்மானம் போட்டு இதற்குப் பயன்படுத்தலாமா என்று வட்டார அலுவலகத்தில் கேளுங்கள். நாலாயிரம் ஐயாயிரம் போதும், மூன்று சம்பளத்தில் பிரித்துக் கட்டிவிடுவார்கள். அந்த ஐந்து வாரத்துக்கு வெளியே வட்டிக்கு வாங்கினால், வேலையின் முதல் இரண்டு மாதச் சம்பளம் அதற்கே போய்விடும்.

அடுத்தது பிள்ளைகள். முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு என்றால் பாலக்கோடு, மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ் நாலு நாலரைக்கே கிளம்பிவிடும். அங்கன்வாடி அந்த நேரத்தில் திறந்திருக்காது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் சட்டமே வந்தது, ஆனால் இருட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது நடக்கிற காரியமா? ஊரிலேயே நம்பிக்கையான ஒரு பாட்டியிடம் நாலைந்து வீட்டுப் பிள்ளைகளை விட்டு, வேலைக்குப் போகிற பெண்கள் சேர்ந்து அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரே ஊர்ப் பெண்கள் ஒரே கம்பெனியில் ஒரே ஷிப்டில் இருந்தால்தான் இது நடக்கும். ஆளுக்கொரு கம்பெனிக்கு ஒன்பது பேரை அனுப்புவதைவிட, ஒரே இடத்துக்கு நாலு பேரை அனுப்புங்கள். ஒருத்திக்கு முடியவில்லையென்றால் இன்னொருத்தி சூப்பர்வைசரிடம் சொல்லுவாள். பஸ் நிற்கிற இடத்துக்கு இருட்டில் சேர்ந்து நடப்பார்கள். வீட்டு ஆண்களின் வாயும் கொஞ்சம் அடங்கும்.

முகாமில் காண்ட்ராக்டரிடம் நீங்களே முன்னால் நின்று கேட்க வேண்டியவை சில உண்டு. பெண்கள் கூச்சப்படுவார்கள், நீங்கள் கேளுங்கள். சொல்கிற சம்பளம் கைக்கு வருவதா, பிடித்தத்துக்கு முந்தியதா? சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் விடுதிக்கும் எவ்வளவு பிடிப்பார்கள்? தொழிலாளியாகச் சேர்க்கிறார்களா, பயிற்சியாளராகவா? இது ரொம்ப முக்கியம். தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் பயிற்சியாளராக எடுத்தால் பிஎஃப்பும் ஈஎஸ்ஐயும் கிடையாது. மேலே நான் போட்ட கணக்கில் பாதி நன்மை அங்கேயே போய்விடும். பயிற்சிக் காலம் முடிந்ததும் வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிட்டு அடுத்த ஆட்களை எடுப்பார்களா என்று ஏற்கெனவே அங்கே இருந்து வந்த பெண்களிடம் விசாரியுங்கள். முப்பது வயதைத் தாண்டிய, உதவித்தொகையை விட்டுவிட்டு வருகிற பெண்ணை அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். பள்ளி முடித்துவிட்டு அனுபவத்துக்குப் போகிற பெண் என்றால் போகட்டும்.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒருமுறை, முதல் சம்பளத்தன்று ஒருமுறை, இரண்டாம் மாதம் ஒருமுறை போன் பண்ணுங்கள். கால் வீங்குகிறதா, தூக்கம் வருகிறதா, சூப்பர்வைசர் எப்படிப் பேசுகிறார், சம்பள ரசீது கொடுத்தார்களா, அதில் பேரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது மாதிரியே இருக்கிறதா என்று கேளுங்கள். கணவர் பெயரா அப்பா பெயரா, இனிஷியல் எது என்ற குழப்பம் நம் பெண்களுக்குத் தீராத தொல்லை. முதல் மாதம் சரிசெய்தால் ஒரு நாள் வேலை. விட்டுவிட்டால் பின்னால் பிஎஃப் எடுக்கும்போது மாதக்கணக்கில் அலைச்சல்.

அப்படியும் யாராவது திரும்பி வந்தால் குழுக் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேச விடாதீர்கள். இரண்டு மாதம் வேலை செய்தவருக்கு யுஏஎன் எண் இருக்கிறது, ஷிப்ட் என்றால் என்னவென்று தெரியும். அடுத்த முறை அவரை அனுப்புவது சுலபம். அந்த ஏழு பேரில் மூன்று பேராவது இன்னொரு வேலைக்கு, நம் ஊருக்குப் பக்கத்தில், பகல் ஷிப்ட் என்றால் வருவோம் என்பார்கள். கேட்டுப் பாருங்கள். நிலைத்து நிற்கிற இரண்டு பேரையும் அந்தப் பேச்சுக்குக் கூப்பிடுங்கள். அவர்களுக்கு யார் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள், முதல் மாதத்தை எப்படிக் கடந்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே அந்த முதல் பெண்ணின் வீட்டுக்குப் போங்கள். கணவருடைய பழைய பாஸ்புக், சம்பள ரசீது, கம்பெனி அடையாள அட்டை, போன் எதுவாக இருந்தாலும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விபத்து நடந்த தேதி, நேரம், ஷிப்ட் முடிந்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாள்களின் படத்தோடு எனக்கு அனுப்புங்கள். ஈஎஸ்ஐ மனுவையும் பிஎஃப் படிவங்களையும் எப்படி நிரப்புவது என்று அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.